ஒன்பது மணி முதல் மூன்று மணி வரை

“டாக்டரு ஒண்ணுமில்லைன்னு சொன்னா சந்தோசம்தானம்மா படோணும்? நீ ஏன் அழுவுற?”

கவிப்ரியா இதைக் கேட்டபோது அவளுக்கு எட்டு வயது. தில்லியின் ஒரு பெரிய அரசு ஆஸ்பத்திரியில், இதய நோய்ப் பிரிவு வாசலில் போட்டிருந்த இரும்பு பெஞ்சில் வைத்துக் கேட்டாள். அவளுடைய அப்பா சிவகுமார் அப்போதுதான் உள்ளேயிருந்து வந்து, “எக்கோவும் நார்மல். ஒண்ணுமே இல்லைன்னுட்டாங்க” என்று பரீட்சை முடிவு சொல்வதைப்போலச் சொல்லியிருந்தான். அம்மா அருக்காணி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கினாள்.

“சந்தோசத்துல வர்ற அழுகை கண்ணு அது” என்று சிவகுமார் மகளைச் சமாளித்தான். பெரியவர்கள் பதில் தெரியாமல் சொல்கிற பொய்களில் அது அப்படியொன்றும் பெரிய பாவமில்லை. ஆனாலும் பொய்தான்.

அது நடந்து ஒரு வருஷம் ஆகிவிட்டது. கோபிசெட்டிபாளையத்திலிருந்து தில்லிக்கு மாற்றலாகி வந்து மூன்று வருஷம். ஆர்.கே.புரத்தில் இரண்டாவது மாடியில் அரசாங்க வீடு. சிவகுமாருக்கு ஓர் அமைச்சகத்தில் செக்‌ஷன் உதவியாளர் வேலை. வந்த முதல் வருஷம் அருக்காணிக்கு ஒரு குறையும் இல்லை. இரண்டாவது வருஷம் மழை முடிந்த சமயத்தில் ஒரு நாள் இடது கை மரத்துப்போனது. அப்புறம் தொண்டைக்குள் பருத்திக்கொட்டை ஒன்று சிக்கிக்கொண்ட மாதிரி இருந்தது. விழுங்கினாலும் இறங்கவில்லை, காறினாலும் வரவில்லை. பிறகு வயிற்றில் எரிச்சல். கடைசியாக மூச்சு. காலையில் எட்டு மணிக்குக் கவிப்ரியா பள்ளிக்கூட பஸ் ஏறுவாள். ஒன்பது மணிக்கு சிவகுமார் கதவைச் சாத்திக்கொண்டு படியிறங்குவான். அவன் செருப்புச் சத்தம் கீழ்த்தளத்தில் தேய்ந்து மறையும்போது நெஞ்சை யாரோ ஈரத்துணி பிழிவதுபோல முறுக்கிப் பிழிவார்கள்.

நோய்க்கும் பார், பேய்க்கும் பார் என்று சொல்லிவைத்திருக்கிறார்களே, இரண்டுக்கும் பார்த்தார்கள். கோபியிலிருந்து மாமியார் விபூதி மடித்துக் கூரியரில் அனுப்பினாள். “அந்தூர்த் தண்ணி அவளுக்கு ஒத்துக்கல” என்று போனில் தீர்ப்பும் சொன்னாள். மலை மந்திரில் முருகனுக்கு ஆறு செவ்வாய்க்கிழமை விளக்குப் போட்டார்கள். நான்காவது வாரம் பாதிப் படியிலேயே மூச்சு நின்றுவிடும்போல ஆகி, மீதி இரண்டு வாரமும் கீழேயே நின்று மேலே பார்த்துக் கும்பிட்டுவிட்டு வந்தாள். இதயம், நரம்பு, வயிறு, தைராய்டு என்று எல்லாப் பிரிவுக்கும் போனார்கள். எல்லா இடத்திலும் ஒரே பதில். ஒன்றுமில்லை.

சிவகுமார் மனைவியை அலட்சியப்படுத்துகிறவன் இல்லை. அவனுக்குத் தெரிந்த வழியில் அவளைக் கவனித்தான். அவனுக்குத் தெரிந்த வழி கோப்பு. பச்சை அட்டை போட்டு, வலது மூலையில் துளையிட்டு, வெள்ளைக் கயிறு கோத்து, ஒவ்வொரு தாளுக்கும் சிவப்பு மையில் பக்க எண் போட்டு, மனைவியின் வியாதிக்கு ஒரு கோப்பு திறந்திருந்தான். முக்கியமான தாள்களில் ஏ, பி, சி என்று காகிதக் கொடி ஒட்டியிருக்கும். “12.10 அன்று கை மரத்தல். பக்கம் 9 காண்க” என்று ஓரத்தில் குறிப்பு. டாக்டர் முன்னால் போய் உட்கார்ந்ததும் கோப்பை விரித்துவைத்து இந்தியில் மளமளவென்று சொல்லுவான். டாக்டர் பக்கம் புரட்டுவார். அருக்காணி பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, டாக்டரின் மேஜை மேலிருக்கும் பேனாக்களை எண்ணிக்கொண்டிருப்பாள். ஒரு வருஷத்தில் நாற்பத்தொரு பக்கம் சேர்ந்திருந்தது. அதில் அவள் வாயால் சொன்ன வார்த்தை ஒன்றுகூட இல்லை.

மார்ச் மாதத் தொடக்கத்தில் காலனி டிஸ்பென்சரி டாக்டரம்மா அலுத்துப்போய் ஒரு சீட்டு எழுதித் தந்தாள். அதை வாசித்த சிவகுமாரின் முகம் சுண்டிவிட்டது. அந்தச் சீட்டை நான்காக மடித்து, கோப்பின் கடைசித் தாளுக்குப் பின்னால் செருகினான்.

“என்னுங்க எழுதியிருக்குது?”

“நரம்பு டாக்டருதான். வேற ஒருத்தரு.”

அருக்காணிக்கு இந்தி வராதே தவிர, கணவனின் முகம் படிக்க வரும். அவன் குளிக்கப் போன நேரத்தில் கவிப்ரியாவிடம் சீட்டைக் காட்டினாள். குழந்தை எழுத்துக் கூட்டிப் படித்து, “மனசு டாக்டரும்மா” என்றது.

அன்று சாயங்காலமே சிவகுமார் இன்னொன்றும் செய்தான். மார்ச் இருபத்தொன்பதாம் தேதிக்கு ஈரோட்டுக்கு இரண்டு டிக்கெட் எடுத்தான். அம்மாவுக்கும் மகளுக்கும்.

“சும்மா கொஞ்ச நாளைக்கு. ஊருக்குப் போய் இருந்தீன்னா எல்லாம் சரியாப் போயிரும். கவிக்கும் அப்பத்தான் பரீட்சை முடியுது.”

“சரியாயிட்டா?”

“வந்துருவீங்க.”

“ஆகாட்டி?”

அவன் டிக்கெட்டை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டான். அந்த ‘ஆகாட்டி’யில்தான் அருக்காணியின் பயம் முழுக்க இருந்தது. சிவகுமாரின் சித்தி ஒருத்தியை இப்படித்தான், தலைவலி தலைவலி என்கிறாளென்று, சும்மா கொஞ்ச நாளைக்குப் பிறந்த வீட்டுக்கு அனுப்பினார்கள். பத்தொன்பது வருஷம் ஆயிற்று. இன்னும் அவள் அங்கேதான், மாட்டுக்கொட்டகைக்குப் பக்கத்து அறையில் இருக்கிறாள். கல்யாணப் பத்திரிகைகளில் அவள் பெயர் மட்டும் போடுவார்கள். அவளைக் கூப்பிட யாரும் போவதில்லை. ‘அதுக்குக் கொஞ்சம் ஒரு மாதிரி’ என்ற நாலு வார்த்தையில் ஒரு பொம்பளையின் ஆயுசை மூடிவைத்துவிட்டார்கள். ஊருக்குப் போனால் சரியாகும் என்ற நம்பிக்கைதான் இப்போது எல்லோர் கையிலும் மிச்சமிருந்தது. போயும் சரியாகாவிட்டால் அப்புறம் தன்னை எந்த அறைக்கு அனுப்புவார்கள் என்று அருக்காணிக்குத் தெரிந்திருந்தது.

அந்த வாரம் வியாழக்கிழமை மனநலப் பிரிவுக்குப் போனார்கள்.

டாக்டர் சின்ன வயசுக்காரர். கதவில் அபிஷேக் என்று பெயர்ப்பலகை. சிவகுமார் வழக்கம்போல நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, பையிலிருந்து பச்சைக் கோப்பை எடுத்து, கயிற்றை அவிழ்த்து, டாக்டர் பக்கமாகத் திருப்பிவைத்தான். டாக்டர் ஒரு பக்கம் படித்தார். இரண்டாவது பக்கமும் படித்தார். நெற்றியைச் சுருக்கினார். அப்புறம் கோப்பை மெல்லத் திருப்பி சிவகுமார் பக்கமே தள்ளி, ஏதோ கேட்டார்.

சிவகுமார் குனிந்து பார்த்தான். அவன் முகத்தில் இருந்த ரத்தம் எல்லாம் எங்கே போயிற்றென்று தெரியவில்லை.

“என்னாச்சுங்க?”

“வாட்டர் கூலரு” என்றான் சிவகுமார், கிணற்றுக்குள்ளிருந்து பேசுகிற குரலில். “மூணு வாட்டர் கூலரு வாங்கற கொட்டேஷன். இது ஆபீஸ் ஃபைலு.”

அமைச்சகத்தில் எல்லாம் கம்ப்யூட்டருக்குப் போய்விட்ட காலத்திலும் பில் சம்பந்தப்பட்டவை மட்டும் காகிதத்தில் ஓடுவதுண்டு. அதே பச்சை அட்டை, அதே வெள்ளைக் கயிறு. மார்ச் மாத அவசரத்தில், குறிப்பு எழுதக் கொண்டுபோன கோப்பும் ஆபீஸ் கோப்பும் மேஜையில் அடுத்தடுத்துக் கிடந்தபோது, கை மாறிவிட்டது. அப்படியானால் அருக்காணியின் கோப்பு? அது நேற்றுச் சாயங்காலமே அண்டர் செக்ரட்டரி ராஜகோபாலனின் கையெழுத்துக்காக மேலே போயிருக்கிறது. கடைசித் தாளுக்குப் பின்னால் நான்காக மடித்த சீட்டோடு.

“அவரு பத்தரைக்குத்தான் ஆபீஸுக்கு வருவாரு” என்று கைக்கடிகாரத்தைப் பார்த்தபடியே எழுந்தான். “இப்பப் போனா எடுத்துப்போடலாம். நீ இங்கயே உக்காந்திரு அருக்காணி. ஒரு மணி நேரம். அசையாத.”

டாக்டரிடம் என்னவோ சொல்லிக் கும்பிட்டுவிட்டு ஓடினான். கதவு சாத்திக்கொண்டது.

அருக்காணிக்கு ஒன்பது மணி வந்துவிட்டது. அதே பிழிசல். விரல் நுனிகள் குளிர்ந்தன. டாக்டர் அவளைப் பார்த்துப் பொறுமையாக ஏதோ கேட்டார். இந்த ஒரு வருஷத்தில் ஒரு டாக்டர் அவளைப் பார்த்துக் கேட்பது அதுதான் முதல் தடவை. அவளுக்கு ஒரு வார்த்தையும் விளங்கவில்லை.

“எனக்கு இந்தி வராதுங்களே” என்றாள். சாத்திய கதவைத் திரும்பிப் பார்த்தாள். “என்னைய விட்டுட்டுப் போயிட்டாரே. நான் என்னன்னு சொல்லுவேனுங்க.”

முருகன் வேலோடும் மயிலோடும்தான் வரவேண்டும் என்று சட்டமொன்றும் இல்லை. வெளியே தாழ்வாரத்து நடையைத் துடைத்துக்கொண்டிருந்த ஒரு பெண், கதவைத் தோளால் தள்ளித் தலையை நீட்டினாள். நீலச் சீருடை, கையில் துடைப்பான், மூக்கில் பெரிய சிவப்புக்கல்.

“ஏங்க்கா, நீங்க நம்ம ஊரா?”

அவள் பெயர் இளவரசி. சேலத்துப் பக்கத்திலிருந்து அவளுடைய அப்பா கட்டட வேலைக்கு வந்தவர். இவள் பிறந்து வளர்ந்தது தில்லியில் தமிழர்கள் குடிசை போட்டிருந்த ஒரு பேட்டையில். ஒப்பந்தக்காரனிடம் சம்பளம் வாங்கிக்கொண்டு இந்த ஆஸ்பத்திரியில் தரை துடைக்கிறாள். இந்தி அவளுக்குத் தண்ணி பட்ட பாடு. அவள் டாக்டரோடு நாலு வார்த்தை பேசினாள். டாக்டர் அருக்காணியைக் கைகாட்டி ஏதோ சொன்னார்.

“நான் நின்னு சொல்லலாமான்னு உங்களக் கேக்கச் சொல்றாரு. உங்களுக்கு சங்கடம்னா வேணாமாம். எனக்கு ஒரு காதுல வாங்கி ஒரு வாயில விடற வேல. உள்ள ஒண்ணும் தங்காது.”

அருக்காணி தலையாட்டினாள்.

“என்ன பண்ணுதுன்னு கேக்கறாரு.”

“கை மரத்துப்போகுது. தொண்டைல...”

“அது இல்ல. காலைல எழுந்திரிச்சதுலேர்ந்து சொல்லச் சொல்றாரு. ஆராம் சே. மெதுவா.”

அருக்காணி மேஜை மேலிருந்த பேனாக்களைப் பார்த்தாள். அப்புறம் சொல்ல ஆரம்பித்தாள். முதலில் சொட்டுச் சொட்டாக, பிறகு குழாய் திறந்ததுபோல.

“இவரு ஒம்பது மணிக்குப் போயிருவாருங்க. பாப்பா மூணு மணிக்கு வரும். அதுக்கு நடுவுல நான் ஒருத்தருகூடயும் பேசறதில்லீங்க. எதுத்த வீட்டம்மா சிரிக்கும், நானும் சிரிப்பேன். அவ்வளவுதான். சில நாளு எனக்குக் குரலு இருக்குதான்னே சந்தேகம் வந்துருமுங்க. அடுப்படில நின்னுட்டு டப்பா பேரெல்லாம் சத்தமாச் சொல்லிப் பாப்பேன். உப்பு. மல்லி. தொவரம்பருப்பு. கேட்டுதுன்னா, செரி, இருக்கறேன்னு இருக்கும்.”

இளவரசி டாக்டரிடம் சொன்னாள். சொல்லி முடித்து, சீருடைக் கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். “ம், சொல்லுங்கக்கா.”

“நெஞ்ச முறுக்கறப்ப செத்துப்போயிருவேன்னு தோணுமுங்க. சாவறதப்பத்தி எனக்கு ஒண்ணுமில்ல. பாப்பாகிட்ட ஒரு சாவி இருக்குது. மூணு மணிக்கு அது கதவத் தொறந்துட்டு உள்ள வர்றப்ப, நான் கீழ கெடந்தா, அது தனியா என்ன பண்ணும்? அதுக்குத்தான் ரெண்டரைக்கே கதவுகிட்ட வந்து உக்காந்துக்குவேனுங்க. கெடந்தாலும் கதவு தொறக்க முடியாம நான் அடைச்சுட்டுக் கெடந்தேன்னா, பாப்பா பக்கத்து வீட்ல போயிச் சொல்லுமல்லங்க. மொகத்தப் பாக்காதல்லங்க.”

இந்தத் தடவை இளவரசி துடைப்பானைச் சுவரில் சாத்தி வைத்துவிட்டு அருக்காணியின் பக்கத்தில் வந்து, சிவகுமாரின் நாற்காலியில் உட்கார்ந்தாள். அப்புறம்தான் சொன்னாள். டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்.

“இத இதுக்கு முன்னாடி யாருகிட்டயாவது சொன்னீங்களான்னு கேக்கறாரு.”

“யாரும் கேக்கலீங்களே.”

அரை மணி நேரம் பேசினார்கள். டாக்டர் ஒரு காகிதத்தில் மனித உருவம் வரைந்து, நெஞ்சிலும் வயிற்றிலும் அம்புக்குறி போட்டுக் காட்டினார்.

“உங்களுக்கு வலி இருக்கறது நெசமாம்க்கா. நீங்க கற்பனை பண்ணல. இருதயம், நரம்பு எல்லாம் நல்லாத்தான் இருக்குதாம். ஆனா உள்ள ஒரு மணி இருக்குதில்ல, திருடன் வந்தா அடிக்கற மணி, அது திருடன் இல்லாதப்பவும் அடிச்சுக்கிட்டே இருக்குதாம். மணி அடிச்சா ஒடம்பு பாவம் ஓடத்தான பாக்கும். பைத்தியம் கிய்த்தியம் எல்லாம் கெடையாது, அத நான் தனியாக் கேட்டுட்டேன். சின்ன மாத்திரை ஒண்ணு தர்றாரு. வாராவாரம் வியாழக்கிழமை வந்து பேசணுமாம். ஆறு வாரம். நடுவுல விடக் கூடாதாம்.”

அருக்காணி கைகூப்பினாள். டாக்டருக்கா இளவரசிக்கா என்று அவளுக்கே தெரியவில்லை.

வெளியே வந்தபோது நடையில் ஒரு தடித்த ஆள் நின்றுகொண்டிருந்தான். கையில் வருகைப் பதிவேடு. அநாதையாய் நின்றிருந்த தண்ணீர் வாளியைக் காலால் தட்டிக் காட்டி, இளவரசியைப் பார்த்துக் கத்த ஆரம்பித்தான். அருக்காணிக்கு வார்த்தை புரியவில்லை, விரல் புரிந்தது. அந்த விரல் வாசலைக் காட்டியது. இளவரசி வாளியை எடுத்துக்கொண்டாள். அவன் பதிவேட்டில் ஒரு கோடு கிழித்துவிட்டுப் போனான்.

“என்ன சொல்றானுங்க அவன்?”

“சூப்பர்வைசர்க்கா. ரெண்டு மணி ரவுண்டுக்குள்ள இந்த நட முழுசும் காய்ஞ்சிருக்கணும், அதான் கணக்கு. இன்னிக்கி அரை நாள் சம்பளம் போச்சு. இன்னொரு தடவ வாளிய விட்டுட்டுப் போனா வரவே வேணாமாம்.” சிரித்தாள். “அவன் கெடக்கறான். வாய்தான் ஜாஸ்தி. நீங்க மாத்திர வாங்கற கவுண்டர் அந்தப் பக்கம்.”

அருக்காணி பையிலிருந்து இரண்டு நூறு ரூபாய் நோட்டை எடுத்து நீட்டினாள். இளவரசியின் சிரிப்பு போய்விட்டது.

“தமிழ் பேசினதுக்குக் காசாக்கா? வைங்க உள்ள.”

சிவகுமார் பன்னிரண்டு மணிக்குத் திரும்பி வந்தான். கையில் அவளுடைய கோப்பு. பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் அதை மடியில் வைத்து இரண்டு கையாலும் மூடிக்கொண்டான்.

“பாத்துட்டாருங்களா?” என்று அருக்காணியே கேட்டாள்.

“மேசை மேல கடைசிப் பக்கம் தொறந்து கெடந்துச்சு.” அவன் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னான். “எனக்கு நாக்கு ஒட்டிக்கிச்சு. அவரு மூடி, கயிறு கட்டி, எங்கையில குடுத்தாரு. ‘சிவகுமார், இது எங்கிட்ட வரவேயில்ல’ன்னாரு. அவ்வளவுதான். அப்பறம் வாட்டர் கூலர் எங்கய்யான்னு சத்தம் போட்டாரு பாரு, செக்‌ஷனே எந்திரிச்சு நின்னுது.”

அருக்காணிக்கு வெகுநாள் கழித்துச் சிரிப்பு வந்தது. பெரிய உத்தியோகத்திலிருக்கும் ஒரு மனுஷன், பார்த்ததைப் பார்க்கவில்லை என்று சொல்லி ஒரு குடும்பத்தின் மானத்தைக் கயிறு கட்டித் திருப்பித் தந்திருக்கிறார். இளவரசி அரை நாளைத் தந்திருக்கிறாள். உலகம் இப்படித்தான் நிற்கிறது. ஒட்டுமில்லாத உறவுமில்லாத ஆட்கள் ஆளுக்கொரு பக்கம் முட்டுக்கொடுத்து.

ஆனால் வாராவாரம் என்றதும் சிவகுமாரின் முகம் மறுபடி இருண்டது.

“மார்ச் மாசம், கணக்கு முடிக்கற நேரம். என்னால ஒரு மணி நேரங்கூட வர முடியாது. ராஜகோபாலன் சார் இப்பக் காப்பாத்துனாரு, மறுக்காவும் போய் நிக்க முடியுமா?” தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: “தனியாப் போவியா? முடிஞ்சா இருக்கலாம். முடியாட்டி அந்த டிக்கெட்டு இருக்குது, அருக்காணி. நான் உன்னைய இங்க வெச்சுட்டு ஆபீஸ்ல உக்காந்து என்ன ஆச்சோ ஏதாச்சோன்னு... எனக்கும் முடியலடா சாமி.”

அவன் கண் கலங்கியிருந்தது. அவனுக்கும் ஒரு மணி உள்ளே அடித்துக்கொண்டிருக்கிறது என்று அருக்காணிக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

அடுத்த ஆறு நாளும் அவளுக்கு வியாழக்கிழமையைத் தவிர வேறு நினைப்பில்லை. கவிப்ரியா ஆசிரியையானாள். பஸ் நம்பரை அட்டையில் பெரிதாக எழுதித் தந்தாள். “ஏழாவது ஸ்டாப்பும்மா. எண்ணிக்கிட்டே போ. இறங்கறதுக்கு முன்னாடி ‘பையா, ரோக்னா’ன்னு சொல்லு, அவங்களே நிறுத்துவாங்க.” டாக்டரிடம் சொல்ல இந்தி வார்த்தைகளும் சொல்லிக்கொடுத்தாள். அருக்காணி பிடிவாதமாய்க் கேட்டு வாங்கியதற்குக் காரணம் இருந்தது. இளவரசியை இன்னொரு தரம் வாளியை விட்டுவிட்டு வரவைத்தால் அவள் வேலை போய்விடும். அந்தப் பாவத்தை மட்டும் தன்னால் சுமக்க முடியாது.

வியாழன் வந்தது. சிவகுமார் ஒன்பது மணிக்குப் போனான். நெஞ்சு தவறாமல் முறுக்கியது. அருக்காணி அடுப்படியில் நின்று டப்பா பெயர்களைச் சொன்னாள். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கினாள்.

பஸ்ஸில் கண்டக்டர் பெண்களுக்கான ரோஜா நிற இலவசச் சீட்டுக் கிழித்துக் கொடுத்தார். நிற்க மட்டும் இடம். மூன்றாவது நிறுத்தத்தில் கை மரத்தது. நான்காவதில் காதடைத்து, பஸ் முழுக்க எங்கோ தூரத்தில் ஓடுவதுபோல் ஆயிற்று. இறங்கிவிடு, இறங்கிவிடு என்று கால் துடித்தது. இறங்கினால் எந்தப் பக்கம் வீடு என்றும் தெரியாது. கம்பியைப் பிடித்திருந்த கை வழுக்கியது. கீழே உட்கார்ந்திருந்த ஒரு கிழவி, மடியில் முள்ளங்கிக் கட்டு வைத்திருந்தவள், இவள் முகத்தை நிமிர்ந்து பார்த்தாள். முள்ளங்கியை ஒருபுறம் தள்ளிவிட்டு, நகர்ந்து, அரை இருக்கை ஒதுக்கி, அருக்காணியின் கையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தாள். பிடித்த கையை விடவும் இல்லை. அருக்காணி எண்ணினாள். ஐந்து. ஆறு.

“பையா, ரோக்னா.”

பஸ் நின்றது.

வரிசையில் காத்திருந்து அவள் முறை வந்தபோது மணி ஒன்று. டாக்டர் அபிஷேக் கதவுப் பக்கம் பார்த்து, கூட யார் என்பதுபோல் கை விரித்தார்.

“அகேலி” என்றாள் அருக்காணி. தனியாக. அதற்குப் பிறகு கற்று வைத்திருந்ததெல்லாம் மறந்துவிட்டது. “டர் லகா. பஸ் மே. பஹுத். லேகின் ஆயி.” பயந்தேன், ரொம்ப, ஆனாலும் வந்தேன். டாக்டர் கைதட்டவில்லை, புகழவில்லை. நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, எந்த இடத்தில் பயம் வந்தது என்று காகிதத்தில் பஸ் வரைந்து கேட்டார். அவள் நிறுத்தங்களைப் புள்ளியாக வைத்து, நான்காவதைச் சுற்றி வட்டம் போட்டாள். வார்த்தைக்கு வழியில்லாத இடத்தில் கையாலும் கண்ணாலும் சொன்னாள். முக்கால் மணி நேரம் ஆயிற்று.

இதற்கு நடுவில் போன் அடித்தது. சிவகுமார்.

“எங்க இருக்கற?”

“டாக்டரு ரூம்லதானுங்க.”

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

“செரி. அந்த டிக்கெட்டக் கேன்சல் பண்ணிப்போடறேன்” என்றான். “சாப்புட்டயா?”

அவள் வெளியே வந்தபோது ஒன்றே முக்கால். நோயாளிக் கூட்டம் கலைந்துவிட்டிருந்தது. பெஞ்சுகள் காலி. நீண்ட நடையில் ஆள் நடமாட்டம் இல்லை. காலையில் வந்து போன நூறு கால்களின் மண்ணும், சிந்திய தேநீரும், கிழிந்த சீட்டுகளும் மட்டும் கிடந்தன. நடையின் தொடக்கத்தில், சுவரோரமாக, இளவரசியின் வாளி நின்றிருந்தது. அதற்குள் துடைப்பான்.

இரண்டாவது கதவு ஒருக்களித்திருந்தது. உள்ளேயிருந்து இளவரசியின் குரல் வந்தது.

“தாத்தா, அழுவாதீங்க. ராத்திரி தூங்க முடியலன்னு சொன்னீங்கல்ல, அதுக்கு முன்னாடி என்ன ஆச்சு, அதச் சொல்லுங்க. டாக்டர் இருக்காரு, ஒண்ணும் ஜல்தி இல்ல.”

வேறொரு டாக்டரின் அறை. எந்த ஊரிலிருந்து மகனோடு வந்து, இந்த ஊரில் வாயில்லாமல் தவிக்கிற கிழவரோ. ஒரு காதில் வாங்கி ஒரு வாயில் விடுகிறேன் என்று சொன்னவள், வேலை போனாலும் பரவாயில்லை என்று வாளியை மறுபடியும் விட்டுவிட்டுப் போயிருக்கிறாள்.

அருக்காணி கடிகாரத்தைப் பார்த்தாள். ஒன்று ஐம்பது. நடையின் இரண்டு முனையையும் பார்த்தாள். ஒருவரும் இல்லை.

அவள் பிறந்த வீட்டில் வாசல் கூட்டத் தனி ஆள் உண்டு. பொது இடத்தில் துடைப்பான் பிடிப்பது எந்தச் சாதிக்கு, எந்தச் சம்பளத்துக்கு என்று அங்கே சின்ன வயதிலேயே சொல்லிக் கொடுத்துவிடுவார்கள். அதெல்லாம் ஒரு நொடி மனசுக்குள் வந்து நின்றது. வந்தது வந்தபடியே போகட்டும் என்று விட்டுவிட்டு, கைப்பையைப் பெஞ்சில் வைத்தாள். முந்தானையை இடுப்பில் செருகினாள். கொசுவத்தைக் கணுக்காலுக்கு மேல் தூக்கிச் சொருகிக்கொண்டு, துடைப்பானைப் பிழிந்தாள்.

கடைசி முனையிலிருந்து பின்வாங்கிப் பின்வாங்கித் துடைத்தாள். சீட்டுகளைக் கையால் பொறுக்கிக் குப்பைத்தொட்டியில் போட்டாள். தேநீர்க் கறை போகவில்லை. குனிந்து அழுத்தித் தேய்த்தாள். பெஞ்சுகளுக்கு அடியில் கையை விட்டுத் துடைத்தாள். மருந்து வாசனைத் தண்ணீர் முழங்கைவரை வழிந்தது. மூச்சு வாங்கியது. வேலை செய்தால் வாங்குகிற, ஒரு பயமும் இல்லாத, வெறும் மூச்சு. இரண்டாவது கதவுக்கு முன்னால் வந்தபோது மட்டும் சத்தம் வராமல் மெதுவாகத் துடைத்தாள். உள்ளே கிழவர் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார்.

முடித்து, துடைப்பானை அலசி, இருந்த கோணத்திலேயே வாளிக்குள் சாய்த்து வைத்தாள். மேலே மின்விசிறிகள் சுற்றிக்கொண்டிருந்தன. தரை ஓரத்திலிருந்து காய ஆரம்பித்தது.

மணி இரண்டு. மாடிப்படியில் கனத்த காலடி கேட்டது. அருக்காணி கைப்பையை எடுத்துக்கொண்டு, ஈரத்தில் கால் படாமல், சுவரை ஒட்டிப் பக்கவாட்டில் நடந்து, எதிர் வாசல் வழியாக வெளியே போனாள்.